எக்ஸ் கதிரில் புரதம்: புள்ளிகளிலிருந்து வடிவம் வரை

“எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று அடிக்கடி படிக்கிறோம். நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுப்பது மாதிரியா அது? எதற்காகப் படிகமாக்க வேண்டும்? இப்போது கணினியே வடிவத்தைச் சொல்லிவிடுகிறதே, இனியும் இதற்கு வேலை இருக்கிறதா?” என்பது கேள்வி.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம்: படம் எடுப்பது மாதிரி இல்லை. பாடப்புத்தகங்களில் வரும் சுருள் சுருளான வண்ண ரிப்பன்களை எந்தக் கருவியும் படம் பிடித்ததில்லை. கருவியில் பதிவாவது ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று அளந்து, அதிலிருந்து படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று ஒரு வரைபடம் கணக்கிடுகிறார்கள். அந்த வரைபடத்துக்குள் அணுக்களைப் பொருத்தி வைப்பவர் ஒரு மனிதர், அல்லது அவர் ஓட்டும் மென்பொருள். ஆக, நாம் பார்க்கும் புரத வடிவம் ஒரு மாதிரியுரு (மாடல்), அளவீட்டுக்குக் கொடுத்த விளக்கம். இனி ‘மாதிரி’ என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் மிக நம்பகமான விளக்கம்தான். ஆனாலும் எது அளவீடு, எது விளக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்தத் துறையின் அழகும் புரியும், எல்லையும் புரியும்.

புரதத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் அளவு. ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம் வரை. இவ்வளவு நீண்ட அலைக்கு அணு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளமும் 1.54 ஆங்ஸ்ட்ராம்தான். இது தற்செயல் என்றாலும், அணுக்களைப் பார்க்க எக்ஸ் கதிர் ஏன் சரியான அளவுகோல் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் எக்ஸ் கதிர் நுண்ணோக்கி செய்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். நுண்ணோக்கியில் பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியை லென்ஸ் மறுபடி ஒன்றுகூட்டிப் பிம்பமாக்குகிறது. எக்ஸ் கதிரோ கண்ணாடிக்குள் போனாலும் வளையாமல் போய்விடும். புரதத்தின் அணுக்களைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு எக்ஸ் கதிர் லென்ஸ் கிடையாது. அதனால் சிதறிய கதிர்களை அப்படியே பதிவு செய்துகொண்டு, லென்ஸ் செய்ய வேண்டிய வேலையைக் கணக்கால் செய்கிறோம். ஃபூரியர் மாற்றம் என்று கணிதத்தில் படித்திருப்பீர்கள். இங்கே லென்ஸ் அதுதான்.

இப்போது படிகத்துக்கு வருவோம். ஒரே ஒரு புரத மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ் கதிர் அளக்க முடியாத அளவுக்குச் சொற்பம். அளக்கும் அளவுக்குக் கதிரைக் கூட்டினால் மூலக்கூறு சிதைந்துவிடும். எனவே கோடானுகோடி மூலக்கூறுகளை ஒரே திசையில், ஒரே இடைவெளியில், அணிவகுப்பில் நிற்பது போல நிறுத்த வேண்டும். இயற்கையில் அப்படி நிற்கும் ஒரே வடிவம் படிகம். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி, அதாவது அலகுக்கூடு, சுமார் 79 ஆங்ஸ்ட்ராம் நீளம், 79 அகலம், 38 உயரம். அதற்குள் எட்டு மூலக்கூறுகள். பக்கத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் உள்ள ஒரு படிகத் துணுக்கில் எத்தனை மூலக்கூறுகள் என்று கணக்குப் போட்டால் 30 லட்சம் கோடிக்கும் மேல் வரும். அத்தனையும் ஒன்றாகச் சிதறடிக்கும்போது பெரும்பாலான திசைகளில் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் முகடும் முகடும் சேர்ந்து வலுக்கும். அந்தத் திசைகளில்தான் புள்ளிகள் விழுகின்றன.

படிகம் எக்ஸ் கதிரை இப்படிப் புள்ளிகளாகப் பிரிக்கும் என்று 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் லாவே ஊகித்தார். ஃபிரீட்ரிக், கினிப்பிங் இருவரும் காப்பர் சல்ஃபேட் படிகத்தில் அதைச் செய்து காட்டினார்கள். அந்தப் புள்ளிகளைப் படிகத்தின் அணுத்தளங்களோடு இணைக்கும் எளிய விதியைக் கொடுத்தவர் லாரன்ஸ் பிராக். அவரும் அவருடைய தந்தை வில்லியம் பிராக்கும் 1915இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது மகனுக்கு வயது 25. முதலில் உப்பு, வைரம் போன்ற எளிய பொருள்கள். புரதத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

தாமதத்துக்குப் புரதப் படிகம் கிடைக்காதது மட்டும் காரணமல்ல. 1926இலேயே ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கியிருந்தார். ஆனால் புரதப் படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்தால் உருப்படியாகப் புள்ளியே விழவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னல் பெப்சின் என்ற செரிமான நொதியின் படிகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைசலுக்குள் இருந்தவரை பளபளவென்று இருந்தவை, காற்றில் எடுத்து வைத்ததும் மங்கிப்போயின. அவற்றைக் காயவிடாமல், அவை வளர்ந்த தாய்க்கரைசலோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எக்ஸ் கதிரில் வைத்தார். அவரும் டோரதி குரோஃபுட்டும் (திருமணத்துக்குப் பின் டோரதி ஹாட்ஜ்கின்) எடுத்த அந்தப் படம் முழுக்கப் புள்ளிகள். புரதம் என்பது ஒழுங்கான, திட்டவட்டமான வடிவம் உள்ள மூலக்கூறு என்பதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி.

உப்புக்கல் போலப் புரதப் படிகம் காய்ந்தாலும் அப்படியே இருக்காததற்குக் காரணம் தண்ணீர். சராசரியாகப் பார்த்தால் புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று சில இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இடையில் அகலமான நீர்வழிகள். இதைத் தெரிந்துகொண்டால் அடிக்கடி எழும் ஒரு சந்தேகமும் தீரும். “படிகத்துக்குள் இறுகிக் கிடக்கும் புரதமும் செல்லுக்குள் உயிரோடு இயங்கும் புரதமும் ஒன்றா?” என்று கேட்பார்கள். பல நொதிகள் படிகமாக இருக்கும்போதே வேலை செய்கின்றன. நீர்வழிகள் வழியாக மூலப்பொருள் உள்ளே போகும், விளைபொருள் வெளியே வரும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகத்தில் ஆக்சிஜன் படும்போது படிகமே உருமாறுவதை 1938இல் ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் நுண்ணோக்கியில் பார்த்தார். மூலக்கூறு வடிவம் மாறியதும் பழைய அடுக்கு அதற்குப் பொருந்தவில்லை. சில நுனிகளும் வளையங்களும் பக்கத்து மூலக்கூறு இடிப்பதால் சற்று விலகி நிற்கலாம் என்பது உண்மைதான். மொத்த வடிவம் பொய்யாவதில்லை.

சரி, படிகத்தை எப்படி வளர்ப்பது? இந்தத் துறையில் மிக அதிகமாக நாள்களை விழுங்கும் கட்டம் இதுதான். முதலில் புரதம் வேண்டும், அதுவும் மிகச் சுத்தமாக. இப்போது பெரும்பாலும் அதற்கான மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே புரதம் தயாரிக்கச் செய்து, பிரித்துச் சுத்தப்படுத்துகிறார்கள். பிறகு அதை மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குச் செறிவாக்குவார்கள். அப்புறம் தொங்கு துளி முறை. சிறு குழி ஒன்றில் அரை மில்லிலிட்டர் அளவுக்கு உப்போ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கலந்த கரைசல். குழியை மூடும் கண்ணாடித் துண்டின் அடிப்பக்கத்தில் ஒரு மைக்ரோலிட்டர் புரதமும், குழியிலிருந்தே எடுத்த ஒரு மைக்ரோலிட்டர் கரைசலும் கலந்த துளி. விளிம்பில் கிரீஸ் தடவி, காற்றுப் போகாமல் கவிழ்த்து மூடுவார்கள். துளியில் உப்பின் செறிவு குழியில் இருப்பதில் பாதிதானே? அதனால் துளியிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகும். துளி சுருங்கச் சுருங்கப் புரதம் நெருக்கப்படும். அவசரப்பட்டால் வெறும் வண்டலாகப் படிந்துவிடும். நிதானமாக நெருங்கினால், அதிர்ஷ்டமும் இருந்தால், படிகம்.

எந்த உப்பு, எவ்வளவு, எந்த அமிலத்தன்மை, எந்த வெப்பநிலை என்று முன்கூட்டியே சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. லைசோசைம் சாதுவான புரதம். சாதாரண உப்பும் பிஎச் 4.5 அளவில் அசிட்டேட் கரைசலும் இருந்தால் ஒரே இரவில் படிகமாகிவிடும். மற்றவை அப்படியல்ல. 96 குழிகள் உள்ள தட்டுகளில் 96 விதமான கரைசல்கள் என்று தட்டு தட்டாக முயன்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் புரதத்தின் தொளதொளவென்று ஆடும் நுனியை வெட்டிவிட்டு முயல்வார்கள், அல்லது அதே புரதத்தை வேறொரு உயிரினத்திலிருந்து எடுப்பார்கள். ஜான் கெண்ட்ரூ, தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மையோகுளோபினுக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார். நீண்ட நேரம் மூச்சடக்கி ஆழத்துக்குப் போகும் விலங்கு என்பதால் அதன் தசையில் மையோகுளோபின் ஏராளம், படிகமும் பெரிதாக வளர்ந்தது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் படிகமாக்க 1980 வாக்கில் தொடங்கிய ஆடா யோனத், கடுமையான சூழலில் வாழும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களை நாடினார். சாக்கடலில் வாழும் நுண்ணுயிரும் அவற்றில் ஒன்று. அத்தகைய உயிர்களின் மூலக்கூறுகள் எளிதில் கலைவதில்லை.

துளிக்குள் படிகம் தெரிந்தால் அது புரதம்தானா என்பதும் உறுதியில்லை. நான் வளர்த்த முதல் ‘படிகம்’ கூர்மையான விளிம்புகளோடு அவ்வளவு அழகாக இருந்தது. மூன்று வாரம் காத்து, எக்ஸ் கதிரில் வைத்தபோது வெகு தூரத்துக்கு ஒன்றாக, மிகப் பிரகாசமாக நான்கைந்து புள்ளிகள் மட்டும் விழுந்தன. பார்த்த மாத்திரத்தில் உப்பு என்று தெரிந்துவிட்டது. இங்கே எல்லாம் தலைகீழ்: அலகுக்கூடு சிறிதாக இருந்தால் புள்ளிகள் விலகி விழும், பெரிதாக இருந்தால் நெருங்கி விழும். புரதத்தின் அலகுக்கூடு பெரிது, ஆகவே படம் முழுக்க நெருக்கமாகப் புள்ளி வைத்துக் கோலமிட்டது போல இருக்க வேண்டும். அந்தக் கோலத்தை முதல்முறை திரையில் பார்த்த நாளை இந்த வேலை செய்பவர்கள் யாரும் மறப்பதில்லை.

அளக்கும் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்லிய நைலான் வளையத்தால் படிகத்தைத் துளியிலிருந்து அள்ளி, கிளிசரால் போன்ற ஒன்றில் நனைத்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைப்பார்கள். கிளிசரால் இல்லாவிட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிப் படிகத்தை உடைத்துவிடும். பிறகு 100 கெல்வின் (சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ்) குளிரில் வைத்துக்கொண்டே கதிரைப் பாய்ச்சுவார்கள். குளிர் எதற்கென்றால், எக்ஸ் கதிர் புரதத்தைச் சிதைக்கிறது. கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்த பிணைப்புகள் முதலில் அறுபடும். குளிரில் அந்தச் சேதம் மெதுவாகத்தான் பரவும். வலுவான கதிர் வேண்டுமென்றால் எலக்ட்ரான்களைச் சுழற்றி எக்ஸ் கதிர் உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் நிலையத்துக்கு, பிரான்சின் கிரெனோபில் நகரில் இருப்பது போன்ற ஒன்றுக்கு, போக வேண்டும். அங்கே படிகத்தைப் பத்தில் ஒரு பாகை வீதம் திருப்பித் திருப்பி நூற்றுக்கணக்கான படங்களைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். கெண்ட்ரூ காலத்தில் ஒவ்வொரு புள்ளியாக அளந்தார்கள். மையோகுளோபினின் முதல் கரடுமுரடான வரைபடத்துக்குச் சுமார் 400 புள்ளிகள், அடுத்த தெளிவான வரைபடத்துக்கு ஏறத்தாழ 10,000.

இப்போது இந்தப் பதிலின் மையத்துக்கு வருகிறேன். புள்ளிகளை அளந்தாகிவிட்டது, ஃபூரியர் மாற்றம் இருக்கிறது, கணக்குப் போட்டால் வரைபடம் வந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். வராது. ஏனென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் வந்து சேரும் அலைக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று அதன் வீச்சு, அதாவது முகடு எவ்வளவு உயரம். மற்றது அதன் கட்டம், அதாவது மற்ற அலைகளோடு ஒப்பிடும்போது முகடு எப்போது வந்து சேர்கிறது. ஆய்வகத்தில் இதை ஃபேஸ் என்றே சொல்வோம். டிடெக்டர் வந்து விழும் ஃபோட்டான்களை எண்ணுகிறது. அதிலிருந்து வீச்சு கிடைக்கிறது. எப்போது வந்தது என்ற செய்தி எண்ணும் அந்தக் கணமே தொலைந்துபோகிறது. லென்ஸ் இருந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கும்.

பாதி தொலைந்தால் பாதிப் படமாவது தெரியாதா என்று கேட்கலாம். தொலைந்தது முக்கியமான பாதி. கணினியில் இரண்டு முகங்களின் படங்களை எடுத்து, ஒன்றின் வீச்சுகளையும் மற்றதன் கட்டங்களையும் சேர்த்துப் புதுப் படம் செய்து பாருங்கள். தெரியும் முகம் யாருடையது என்றால், கட்டங்கள் யாருடையவையோ அவருடையதுதான். வீச்சு கொடுத்தவர் ஏறக்குறைய மறைந்துவிடுவார். வடிவம் குடியிருப்பது கட்டத்தில். நாம் அளப்பதோ வீச்சை மட்டும்.

மாக்ஸ் பெருட்ஸ் 1937இல் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தார். நல்ல படிகம் இருந்தது, நல்ல புள்ளிகள் இருந்தன, ஆனாலும் பதினாறு ஆண்டுகள் இந்தச் சுவரின் முன்னால்தான் நின்றார். 1953இல் வழி கிடைத்தது. ஹீமோகுளோபினில் குறிப்பிட்ட இடங்களில் பாதரச அணுக்களைப் பொருத்தி, அதே விதமான படிகத்தை வளர்த்து, மறுபடி புள்ளிகளை அளந்தார். பல்லாயிரம் எலக்ட்ரான்கள் உள்ள அந்தப் பெரிய மூலக்கூறில் ஓரிரு அணுக்களைச் சேர்ப்பதால் என்ன மாறிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கார்பனில் ஆறு எலக்ட்ரான், பாதரசத்தில் 80. அந்த 80ம் ஒரே இடத்தில் இருந்துகொண்டு ஒரே குரலில் சிதறடிக்கின்றன. புரதத்தின் எலக்ட்ரான்கள் பரந்து கிடப்பதால் அவற்றின் அலைகள் பெரும்பகுதி தங்களுக்குள்ளேயே அழிந்துவிடுகின்றன. அதனால் புள்ளிகளின் பிரகாசம் அளக்கும்படியாகவே மாறியது.

அந்த மாற்றத்திலிருந்து கட்டம் எப்படி வரும்? பிரகாச வித்தியாசங்களை வைத்து முதலில் பாதரசம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். சில அணுக்களை மட்டும் தேடுவதற்கு 1934இலேயே பாட்டர்சன் ஒரு வழி கொடுத்திருந்தார், அதற்குக் கட்டம் தேவையில்லை. பாதரசத்தின் இடம் தெரிந்தால் அது மட்டும் உண்டாக்கும் அலையை முழுதாகக் கணக்கிடலாம். இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முக்கோணம் வரையுங்கள். ஒரு பக்கம் வெறும் புரதத்தின் அலை; இன்னொரு பக்கம் பாதரசத்தின் அலை; மூன்றாவது, இரண்டும் சேர்ந்த அலை. மூன்று நீளமும் தெரியும், பாதரசப் பக்கத்தின் திசையும் தெரியும். எனவே மற்றப் பக்கங்களின் திசை, அதாவது கட்டம், கிடைத்துவிடும். ஒரே குறை, அந்த முக்கோணத்தை அப்படியும் வைக்கலாம், கவிழ்த்தும் வைக்கலாம். எது சரி என்று தீர்மானிக்க இன்னொரு கனமான அணுவைப் பொருத்தி, பொன்னோ பிளாட்டினமோ, மறுபடி எல்லாவற்றையும் அளக்க வேண்டும். பள்ளிக்கூடத்து முக்கோணத்தில் அடங்கும் ஒரு யோசனை, அதற்குமுன் யாராலும் பார்க்க முடியாத ஒரு மூலக்கூறின் உள்ளே வழி திறந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இதே வழியில் கெண்ட்ரூவின் குழு 1957இல் மையோகுளோபினின் முதல் வரைபடத்தைப் பெற்றது. எதிர்பார்த்த ஒழுங்கோ சமச்சீரோ இல்லாமல், குடல் சுருண்டு கிடப்பது போல ஒரு வடிவம். 1959இல் 2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நுணுக்கம் காட்டும் வரைபடம், அதே ஆண்டு பெருட்ஸின் ஹீமோகுளோபின். 1962இல் இருவருக்கும் வேதியியல் நோபல். டோரதி ஹாட்ஜ்கினின் பொறுமை இன்னும் பெரிது. அவர் இன்சுலின் படிகத்தின் முதல் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்தது 1930களின் நடுவில். அதன் வடிவத்தைக் கண்டது 1969இல். நடுவில் பெனிசிலினையும் பி12 வைட்டமினையும் முடித்து 1964இல் நோபல் பரிசும் பெற்றிருந்தார்.

இப்போது கட்டத்தைப் பெற வேறு இரண்டு வழிகள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒன்று செலினியம். புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்று மெத்தியோனின், அதில் ஒரு கந்தக அணு உண்டு. அதற்குப் பதில் செலினியம் உள்ள மெத்தியோனினைப் பாக்டீரியாவுக்கு ஊட்டினால், அது தயாரிக்கும் புரதத்தில் செலினியம் தானாகவே உரிய இடங்களில் அமர்ந்துவிடும். சிங்க்ரோட்ரானில் அலைநீளத்தை 0.979 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் வைத்தால் செலினியம் அந்தக் கதிரை உட்கவர்ந்து, சிறிது பிசகிய கட்டத்தோடு சிதறடிக்கும். சாதாரணமாக ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டிய இணைப்புள்ளிகளுக்கு இடையே அப்போது நுண்ணிய வித்தியாசம் தெரியும். முக்கோணக் கணக்குக்கு அதுவே போதும். வெய்ன் ஹெண்ட்ரிக்சன் இந்த வழியை வளர்த்தெடுத்தவர்.

மற்றது இடமாற்ற முறை. 1962இல் ராஸ்மனும் புளோவும் அடிப்படை போட்டார்கள். உங்கள் புரதத்துக்கு உறவான இன்னொரு புரதத்தின் வடிவம் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதைக் கணினியில் உங்கள் அலகுக்கூட்டுக்குள் திருப்பித் திருப்பி, நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, அளந்த புள்ளிகளோடு எங்கே ஒத்துப்போகிறது என்று தேடுவது. பொருந்தியதும் அதன் கட்டங்களைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இன்று பெரும்பாலான வடிவங்கள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் கவனம் தேவை. வடிவம் கட்டத்தில் குடியிருக்கிறது என்றேன் அல்லவா? கட்டத்தைக் கடன் கொடுத்தவரின் முகமே வரைபடத்தில் தெரியும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு. கடன் வாங்கிய மாதிரியில் இல்லாத ஒன்று வரைபடத்தில் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல சோதனை. தெரிந்தால் அது உங்கள் புரதத்தின் சொந்தச் சேதி.

வரைபடம் கிடைத்த பிறகு அதில் அணுக்களைப் பொருத்துவது எவ்வளவு சுலபம் என்பது பகுதிறனை, அதாவது வரைபடம் எவ்வளவு நுணுக்கமான விவரம் வரை பிரித்துக் காட்டுகிறது என்பதை, பொறுத்தது. 3 ஆங்ஸ்ட்ராமில் சங்கிலி எங்கே போகிறது என்று தெரியும், பக்கக் கிளைகள் மொத்தையாகத் தெரியும். 2 ஆங்ஸ்ட்ராமில் கிளைகளின் வடிவமும், ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளும் தெரியும். 1.2க்குக் கீழே போனால் அணுக்கள் தனித்தனி மணிகளாக நிற்கும். ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் என்பதால் பெரும்பாலான வடிவங்களில் அது தெரிவதே இல்லை.

மாதிரி சரியா என்று எப்படிச் சோதிப்பது? மாதிரியிலிருந்து புள்ளிகளைக் கணக்கிட்டு, அளந்த புள்ளிகளோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசத்துக்கு ஆர் காரணி என்று பெயர். ஆனால் ஏராளமான அணுக்களை நகர்த்தும் சுதந்திரம் இருக்கும்போது தவறான மாதிரியைக்கூட இழுத்துப் பிடித்துப் பொருத்திவிடலாம். அதற்காக 1992இல் ஆக்சல் புரூங்கர் ஒரு எளிய ஒழுங்கு கொண்டுவந்தார். ஐந்து முதல் பத்து சதவீதப் புள்ளிகளை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். மாதிரியைச் செம்மைப்படுத்த அவற்றைத் தொடவே கூடாது. கடைசியில் அவற்றோடு மட்டும் ஒப்பிட்டால் வருவது ஆர்-ஃப்ரீ. 2 ஆங்ஸ்ட்ராம் அளவிலான நல்ல வடிவத்தில் அது 0.25க்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அது ஆர் காரணியைவிட மிக அதிகமாக விலகி நின்றால் எங்கோ இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் திரும்பக்கூடிய அச்சுகள் இரண்டு. எல்லாக் கோணத்துக்கும் திரும்ப முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காமல் இருக்கும் கோணங்களை ஒரு தாளில் குறித்தால் சில தீவுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. பெரிய கணினி எதுவும் இல்லாமல், அணுக்களின் அளவையும் வடிவக்கணிதத்தையும் மட்டும் கொண்டு போட்ட கணக்கு அது. இன்று உலகில் எந்த ஆய்வகம் புரத வடிவம் வெளியிட்டாலும் அது ராமச்சந்திரன் வரைபடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். தீவுகளுக்கு வெளியே நிறைய அமினோ அமிலங்கள் விழுந்தால் வடிவத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவு சோதனை எதற்கு என்று தோன்றினால், 2006இல் நடந்ததைச் சொல்கிறேன். செல் சவ்வில் இருந்துகொண்டு மருந்துகளை வெளியே தள்ளும் ஒருவகைப் புரதங்களின் வடிவங்களை வெளியிட்டிருந்த ஒரு குழு, ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டம் கணக்கிடும் வழியில் அவர்கள் பயன்படுத்திய ஒரு சொந்த மென்பொருள், நான் மேலே சொன்ன இணைப்புள்ளி வித்தியாசத்தின் குறியை மாற்றிவிட்டிருந்தது. கூட்டல் கழித்தலானது. அதனால் வரைபடமே கண்ணாடிப் பிம்பமாக, இடம் வலமாக வந்தது. பகுதிறன் குறைவாக இருந்ததால் அதற்குள்ளும் சங்கிலியைப் பொருத்த முடிந்திருக்கிறது. வேறொரு குழு உறவுப் புரதம் ஒன்றின் வடிவத்தை நல்ல பகுதிறனில் வெளியிட்டபோதுதான் பொருந்தவில்லை என்று தெரிந்தது. நேர்மையாக வேலை செய்தவர்களுக்கும் இப்படி நேரும். எனவே ஒரு வடிவத்தை உங்கள் வேலைக்குப் பயன்படுத்துமுன் பகுதிறனையும் ஆர்-ஃப்ரீயையும் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு அணுவுக்கும் கொடுத்திருக்கும் பி காரணியைப் பாருங்கள். அது 20 என்றால் அந்த அணு சராசரியாக அரை ஆங்ஸ்ட்ராம் அங்கும் இங்கும் அசைகிறது. 80 என்றால் ஒரு ஆங்ஸ்ட்ராம். மருந்து மூலக்கூறு ஒன்று ஒட்டியிருப்பதாகக் காட்டியிருந்தால் அந்த இடத்து வரைபடத்தைத் திறந்து, உண்மையிலேயே அங்கே அடர்த்தி இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஆசை இருக்கும் இடத்தில் அடர்த்தி இருப்பதாகத் தோன்றுவது மனித இயல்பு.

பலன் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எச்ஐவி வைரஸ் முதிர்ச்சியடையத் தேவையான, புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் நொதியின் வடிவம் 1989இல் கிடைத்தது. ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்து, நடுவில் சுரங்கம் போல ஒரு பள்ளம். வெட்டும் வேலையைச் செய்யும் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை இரு பக்கமும் ஆளுக்கு ஒன்றாகத் தருகின்றன. அந்தப் பள்ளத்தை அடைக்கும் மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் அணு அணுவாகத் திருத்திச் செய்தார்கள். அவ்வகையின் முதல் மருந்தான சாக்வினாவிருக்கு 1995இல் அனுமதி கிடைத்தது. எய்ட்ஸ் சிகிச்சையின் போக்கையே மாற்றிய மருந்து வகை அது.

கடைசிக் கேள்வி, ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் வந்த பிறகு இது தேவையா? அமினோ அமில வரிசையை மட்டும் வைத்து வடிவத்தை ஊகிப்பதில் 2020இல் அது காட்டிய திறமை அசல். 2024 நோபல் பரிசில் டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் பங்கு பெற்றது அதற்காகத்தான். ஆனால் அது எதைப் படித்துக் கற்றது? 1971இல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி எக்ஸ் கதிர்ப் படிகவியலில் வந்தவை. கணினியின் ஊகம் இப்போது படிகவியலுக்கே உதவுகிறது: இடமாற்ற முறையில் கடன் வாங்க உறவுப் புரதம் இல்லாதபோது ஊகித்த வடிவத்தை வைத்துத் தொடங்கிவிடலாம். செலினியம் போட வேண்டிய வேலை பல நேரம் மிச்சம். ஆனால் புதிதாகச் செய்த ஒரு மருந்து பள்ளத்தில் எந்தப் பக்கம் திரும்பி அமர்கிறது, நடுவில் எந்தத் தண்ணீர் மூலக்கூறு நிற்கிறது, ஒரு அமினோ அமிலம் மாறியதால் அரை ஆங்ஸ்ட்ராம் எங்கே நகர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் அளந்துதான் ஆக வேண்டும். பெரிய, அசைந்தாடும் கூட்டுப் புரதங்களில் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி இப்போது முன்னால் நிற்கிறது, அதற்குப் படிகமே வேண்டாம். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதில் எக்ஸ் கதிருக்கு நிகரில்லை. ஃபெம்டோவிநாடிக் கணக்கில், அதாவது கற்பனைக்கெட்டாத சிறு பொழுதே நீடிக்கும் லேசர் எக்ஸ் கதிர்கள் படிகம் சிதறும் முன்பே புள்ளிகளைத் தந்துவிடுகின்றன. ஜப்பானின் சாக்லா நிலையத்தில் 2016இல் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம் ஒளி பட்டதும் எப்படிப் படிப்படியாக நெளிகிறது என்பதை நானோவிநாடியிலிருந்து மில்லிவிநாடி வரை பதின்மூன்று தருணங்களில் பிடித்தார்கள்.

இதையெல்லாம் நீங்களே பார்க்க ஆசை இருந்தால், புரதத் தரவு வங்கி எல்லோருக்கும் இலவசம். லைசோசைம் என்று தேடி, 1.5 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனுக்குக் கீழே உள்ள ஒன்றைத் திறந்து, அதன் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தையும் சேர்த்துத் திரையில் போடுங்கள். உள்ளே புதைந்திருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் இரட்டை வளையத்தைத் தேடிப் பாருங்கள். வளையங்களின் நடுவில் துளைகூடத் தெரியும். பிறகு வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்குப் போங்கள். பல நேரம் அதன் அடிப்பகுதியைச் சுற்றி அடர்த்தி இருக்கும், நுனிக்குப் போகப் போக மெலிந்து காணாமல் போகும். அணுக்களோ கடைசி வரை வரையப்பட்டிருக்கும். அளவீடு எங்கே முடிந்து விளக்கம் எங்கே தொடங்குகிறது என்பது அந்த நுனியில் தெரியும்.